ஏல வீட்டுப் பழைய பத்திரம்

நெல்லித்தோப்புல அந்த வீட்ட நாங்க பேங்க் ஏலத்துல எடுத்தோம். குடிபோறதுக்கு முன்னால ஒரு மதியம் காலி ரூமுங்கள்ல வெறுங்காலோட சுத்திச் சுத்தி வந்தேன். பச்சைக் கண்ணாடி ஜன்னல் வழியா வெயில் தரையெல்லாம் பரவிக் கிடந்துச்சு. தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி இருந்துச்சு. எவ்வளவு நேரம் அப்படியே நடந்தேன்னு தெரியல.

ஏல வீட்டுக்குப் பத்திரம் எப்படி வரும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டை இழந்தவங்க வந்து கையெழுத்துப் போடறதில்ல. அவங்களுக்குப் பதிலா பேங்க் அதிகாரி போடறாரு. அவர் தர்ற விற்பனைச் சான்றிதழைத்தான் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பதியறாங்க. அடமானமா வச்ச பழைய பத்திரமெல்லாம் நம்ம கைக்கே வந்துடும். "தொலைச்சிடாத, நாளைக்கு விக்கணும்னா அதத்தான் கேப்பாங்க"ன்னு என் வீட்டுக்காரர் நூறு தடவ சொல்லிட்டாரு. எனக்கென்ன காது செவிடா?

ஒரு மாசம் கழிச்சு, சாயங்காலம், ஒரு அம்மா வந்து வாசல்லயே நின்னாங்க. ஐம்பது வயசு இருக்கும். வீட்டை இழந்தவங்க அவங்கதான். புருஷன் தொழிலுக்கு வாங்கின கடன்ல போயிடுச்சு, இப்ப வைத்திக்குப்பத்துல வாடகைக்கு இருக்காங்க. சண்டைக்குத்தான் வந்திருக்காங்கன்னு நானும் வரிஞ்சு கட்டிக்கிட்டுப் போனேன்.

"வீட்டப் பத்திப் பேச வரலம்மா. எங்கப்பா இத எனக்கு எழுதிக் குடுத்த பத்திரம் உங்கிட்டதான் இருக்கும். ஒரு தடவ பாத்துட்டுத் தந்துடறேன்"னாங்க.

உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். அப்பா மில்லுல வேலை பாத்தவராம், படிக்காதவரு. பொண்ணுக்கு வீடு எழுதறப்போ கைநாட்டு வைக்கமாட்டேன்னு, ஒரு வாரம் எழுதிப் பழகி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டாராம். ஆயுசுல அவர் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு நாள்தான். "போட்டோ கூட இல்லம்மா, எல்லாம் மழையில போச்சு"ன்னாங்க.

எனக்குப் பயம் வந்துடுச்சு. கிழிச்சிட்டாங்கன்னா? தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா? "ஒரிஜினல் லாக்கர்ல இருக்குக்கா"ன்னு சொல்லி ஜெராக்ஸக் குடுத்தேன். பொய். அவங்க முதுகுக்குப் பின்னால இருந்த பீரோவுலதான் இருந்துச்சு.

அவங்க அதைப் படிக்கல. கண்ண மூடிக்கிட்டு, கடைசிப் பக்கத்துல கையெழுத்து மேல விரல வச்சு மெதுவாத் தடவினாங்க. வெளியில கடல் காத்து அடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. திரும்பவும் தடவினாங்க.

"அழுத்தி அழுத்தி எழுதியிருப்பாரும்மா. தொட்டா விரலுக்குத் தெரியும். இதுல ஒண்ணுமே தெரியலயே."

பீரோவத் தொறக்க நான் எழுந்திருக்கல. இப்ப நெனச்சாலும் உடம்பெல்லாம் கூசுது.