பன்றிக்குப் போன மாத்திரை

ஓஃபாசியா கண்ணால் பார்க்காத எதையும் நம்புகிறவன் இல்லை. மலைட்டா தீவின் கிழக்குக் கரையில் அவனை எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். அரிசி வாங்கினால் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவான். பாதிரியார் மழை வருமென்றாலும் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

அவன் மகள் நெஸ்டாவுக்குக் கைகால் குச்சி. வயிறு மட்டும் பானை. பூச்சி மாத்திரை கொடுக்கப் பள்ளிக்கு வந்த நர்ஸ் எல்சியிடம், வீட்டில் கொடுத்துக்கொள்கிறேன் என்று அதைக் கையில் வாங்கினான்.

"முன்ன ஒரு சிரப்பு குடுத்தாங்க. மறுநாளே பூச்சி நெளிஞ்சுகிட்டு வெளிய வந்துச்சு. இதுல ஒண்ணும் வரலைங்கிறாங்களே?"

"அது பூச்சிய மரத்துப்போக வச்சு வெளிய தள்ளும் மாமா. இது சர்க்கரைய உறிஞ்ச விடாது. பட்டினியா கெடந்து மெதுவாச் சாகும். பாதி உள்ளயே கரைஞ்சிடும்."

"பூச்சி பட்டினி கெடந்தத நீ பாத்தியா?"

எல்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவனுக்குச் சந்தேகமாகவே பட்டது. வெறும் சுண்ணாம்பைக் கொடுத்துவிட்டுக் கதை சொல்கிறாளோ?

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் மாத்திரையைப் பொதித்து மெலிந்த பன்றிக்குப் போட்டான். அதன் விட்டையில் பூச்சி கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான். மறுநாள் காலையில் குச்சியால் கிளறினான். ஒன்றுமில்லை.

"சுண்ணாம்புதான்," என்றான் மனைவி ரூத்திடம்.

"பிள்ளைக்குக் குடுத்தத பன்னிக்கா போட்ட? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே நெஸ்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு வாந்தி எடுத்தாள். வாந்தியில் ஒரு பூச்சி உயிரோடு நெளிந்தது. ஓஃபாசியா பன்றிப் பட்டிக்கு ஓடி மறுபடி கிளறினான். காலைக்குப் பிறகு போட்டிருந்த புது விட்டையில் வெளிறித் துவண்டு செத்த பூச்சிகள் கிடந்தன.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தான்.

"அந்த மாத்திரை எங்க மாமா?"

"பன்னி தின்னிருச்சு."

"அதுவாவா?"

அவன் கூரையைப் பார்த்தான். எல்சி பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு மாத்திரை கொடுத்தாள். நெஸ்டா மென்று விழுங்கியதும், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தான்.

அடுத்த தவணைக்குள் நெஸ்டாவின் வயிறு அமுங்கிவிட்டது. "கிழங்கு நல்லா வெளைஞ்சதாலகூட இருக்கும்," என்றான் ஓஃபாசியா. ஆனால் எல்சி மறுபடி மாத்திரையோடு பள்ளிக்கு வந்த அன்று மகளோடு வரிசையில் முதல் ஆளாக நின்றான்.

"பன்னிக்கும் ஒண்ணு குடு," என்றான்.