அத்தையின் கொள்ளுத் தண்ணி

எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று மருமகள் போனில் பார்த்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறாள். ஐந்து நாளைக்கு அரை வயிறுதான் சாப்பாடு. டாக்டரும் பார்த்துச் செய்யுங்கள் என்றாராம். இன்றைக்கு மத்தியானம் கொள்ளு சூப் என்று ஒரு டம்ளரை நீட்டினாள். “அஞ்சே நாளுதான் அத்தை, கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிருங்க.” குடிக்கலாம்தான். ஆனால் அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு எங்கள் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. மருமகளிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருகிறது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ராயகிரியில் கட்டிக் கொடுத்திருந்தது. நான் இரண்டாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் மாமா அவளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். பிள்ளை உண்டாகவில்லை. உடம்பில் சதை போட்டதுதான் காரணம், சதை கரைந்தால் பிள்ளை தங்கும் என்று யாரோ ஒரு டாக்டர் சொன்னாராம். கரையட்டும், கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றுவிட்டாள் அவள் மாமியார். எவ்வளவு கரைய வேண்டும் என்று அப்பா போய்க் கேட்டதற்கு, அந்த அம்மா ஒரு அளவு சொல்லி அனுப்பினாள். கல்யாணத்துக்குப் போட்ட ரவிக்கை திரும்பப் பத்த வேண்டும். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருவோம், அந்த ரவிக்கையோடு கோயில் வாசலில் நின்றால் கையோடு கூட்டிப்போகிறோம்.

அன்றிலிருந்து அத்தைக்குக் காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணி, மத்தியானம் சோறில்லாத நீராகாரம், சாயந்தரம் ஒரு பிடி கீரை. அம்மாவுக்குப் பார்க்கப் பொறுக்காது.

“ஏட்டி, நீ பஸ்ஸுல ராயகிரி போகப் போறியா, காத்துல பறந்து போகப் போறியா?”

“மெலிஞ்சாத்தான நல்லது மைனி. கண்டக்டர் அரை டிக்கெட்டுதான் கிழிப்பான்” என்று அத்தை சிரிப்பாள்.

அம்மா பிடிவாதமாக அவளுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பாள். அத்தை அந்தச் சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டிவிடுவாள். ஒவ்வொரு வாய்க்கும் கேள்வி உண்டு. “எப்படி இருக்கு மக்கா, சொல்லு.” நல்லாருக்கு என்று சொன்னால் விடமாட்டாள். “நல்லாருக்குன்னா? புளிப்பு முன்னால நிக்கா, உறைப்பு முன்னால நிக்கா? தேங்கா வாசம் வருதா?” நான் யோசித்து யோசித்துச் சொல்லுவேன். கருவாட்டுக் குழம்பென்றால் நிறையவே சொல்ல வேண்டியிருக்கும். நான் சொல்லச் சொல்ல அவள் தொண்டை ஏறி இறங்கும். எனக்கு அது ஒரு நல்ல விளையாட்டு. என் கன்னமெல்லாம் உப்பிப்போனது. அத்தை என்றைக்கும் இப்படியே பட்டினி கிடந்தால் தேவலை என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ரவிக்கையைப் போட்டுப் பார்ப்போம். அரக்கு நிறப் பட்டு. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள்; நான் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுப்பேன். முதலில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அது நாலு விரலாகி, இரண்டு விரலாகியது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் நடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்றாள். அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது.

தபசன்று காலையில் ஊக்கு அத்தனையும் மாட்டிவிட்டது. கடைசி ஊக்கு மாட்டியதும் அத்தை என்னைத் தூக்கிச் சுற்றப்போனாள், தூக்க முடியவில்லை. மாமா சாப்பிட வருவார் என்று அம்மா சொதி வைத்தாள். மறுவீட்டுக்கு எங்கள் பக்கம் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு அது.

கோயில் வாசலில் நெருக்கித் தள்ளியது கூட்டம். அம்பாள் தபசுக்கோலத்தில் நிற்க, சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் நேர்ச்சையாக வீசிக்கொண்டிருந்தார்கள். நான் கீழே விழுந்த பருத்தியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், வளையல் கடையில் மாமா. அவர் பக்கத்தில் ஒரு அக்கா. கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள்கூட மங்கவில்லை. கடைக்காரர் வளையலை அவள் கையில் ஏற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். அத்தனை பருமன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அத்தை, அங்கன பாருங்க. மாமா கூட நிக்க அந்த அக்காவுக்கும் கொள்ளுத் தண்ணி குடுக்கணும் போலயே!”

அத்தை பார்த்தாள். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமாவிடம் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வந்தவர் அத்தை முகத்தைப் பார்க்காமல், “வாம்மா, வீட்டுக்குப் போவோம்” என்றார். மாமா சாப்பிட வரவில்லையே என்று நான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அத்தை ரவிக்கையைக்கூட மாற்றாமல் தட்டை எடுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “மைனி, சோறு போடுங்க” என்றாள். அம்மா போட்டாள், சொதியை ஊற்றினாள். அத்தை சாப்பிட்டாள். தட்டு காலியானதும் தள்ளிக் காட்டினாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே மறுபடி போட்டாள். ரவிக்கையில் கீழ் ஊக்கு ஒன்று தெறித்து என் பக்கம் விழுந்தது. நான் பக்கத்திலேயே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு ஒரு வாய்கூட வரவில்லை. பட்டினி முடிந்தது, நாளைக்கு ராயகிரி போய்விடுவாள், இனி யார் ஊட்டுவார்கள் என்று எனக்கு ஒரே ஆற்றாமை. சரி, இன்றைக்கு நாம் கேட்போம் என்று தோன்றியது.

“எப்படி இருக்கு அத்தை, சொல்லுங்க.”

அவள் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினாள்.

“உப்பே இல்லட்டி.”

காலையில் நான் ருசி பார்த்தபோது உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, உப்பு மரவையை எடுத்துவர அடுப்படிக்கு ஓடினேன்.