கடைக் கண்ணாடியில் ஆட்டச் செய்தி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், ரூ காய் என்ற தெருவின் பலசரக்குக் கடை வாசலில் நிற்கிறேன். கம்பால் பந்தடித்து ஓடும் எல்லே ஆட்டத்தைப் பற்றி யாழ்ப்பாணப் பத்திரிகையில் முதன்முதலாக எழுதியவர் செல்லத்துரையார். இங்கே எழுதப் பத்திரிகை இல்லாமையால், ஞாயிறு ஆட்டத்தின் செய்தியைக் கையால் எழுதி இக்கடைக் கண்ணாடியில் ஒட்டுகிறார்.

பந்தைத் தவறவிட்ட ரவி அவரை மறிக்கிறான்.

"அண்ணை, என்ரை பேரை விடுங்கோ. பெம்பிளை வீட்டுக்காரர் இஞ்சைதான் மரக்கறி வாங்க வருவினம்."

"தவறவிட்டது உண்மை, தம்பி. எழுதாமல் விடேலாது. வெயில் கண்ணிலை அடிச்சதும் உண்மை." ஒரு வரி சேர்த்து ஒட்டுகிறார்.

பெண்ணின் தகப்பனார் முருங்கைக்காயுடன் நின்று வாசிக்கிறார். ரவி வெங்காய மூட்டைக்குப் பின்னே பதுங்குகிறான்.

"அந்த வெயிலுக்கை ஆர்தான் பிடிப்பான்?" என்கிறார் அவர். "வெளியாலை வாரும், தம்பி. தேத்தண்ணி குடிப்பம்."