சாமிக்கு ஊதிய சங்கு

ஆரணியில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும், பாடைக்கு மூங்கில் வந்து சேருமுன் தசரதன் வந்து நிற்பான். மற்ற நாளெல்லாம் சாயப்பட்டறையில் பட்டு நூல் பிழிகிற வேலை. சாவு வீட்டில் சங்கு ஊதுவது அப்பா அய்யாக்கண்ணு விட்டுப்போனது; சங்கும் அவருடையதுதான்.

"பெருமாள் கையில இருக்கற சங்குதான்டா இது. இதுல வர்றது ஓங்காரம். போற உயிருக்கு அவர் பேரைச் சொல்லி அனுப்பறோம்" என்பார் அய்யாக்கண்ணு.

அந்த வார்த்தை தசரதன் நெஞ்சில் ஆசையாக வளர்ந்தது. ஊர்ப் பிணங்களின் தலைமாட்டில் எல்லாம் ஊதியாயிற்று. பெருமாள் முன்னால் ஒரு தரம் ஊதிவிட்டால் போதும், இந்த ஜென்மம் தீர்ந்தது. மனைவி சின்னபொண்ணிடம் மட்டும் சொன்னான்.

"நீ சங்கைத் தூக்கிகினு கோயிலுக்குப் போனா, யாரு செத்தாங்கன்னு கேட்டுகினு ஊரே ஓடியாரும்யா" என்று சிரித்தாள் அவள்.

பெருமாள் கோயில் கும்பாபிஷேகத்தன்று விடிந்ததும், வாசலில் பைக் வந்து நின்றது. பட்டுக்கடை முதலாளி பன்னீர்செல்வம், கோயில் தலைவர். புதிதாக வாங்கிய சங்கை யார் ஊதினாலும் வெறும் காற்றுதான் வருகிறதாம்.

"ஜல்தி வாடா தசரதா, உன் சங்கோட!"

தலைக்குக் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு ஓடினான். கோயில் வாசலில் பன்னீர்செல்வம் கையை நீட்டி மறித்தார்.

"உள்ள வேணாம்டா. சாவு வீட்டுக்குப் போற ஆளு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. மதில் ஓரமா நின்னு ஊது, சத்தம் கேட்டா போதும்."

அடிவயிற்றிலிருந்து ஊதினான் தசரதன். உள்ளே "கோவிந்தா!" என்று கூட்டம் முழங்கியது. அவன் கண்ணெதிரே இருந்தது சுண்ணாம்பு அடித்த சுவர்.

ஊதி முடித்ததும் பன்னீர்செல்வம் சங்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பாலில் கழுவி, ஊதுகிற துளையை விரலால் அடைத்து, அதில் தீர்த்தம் நிரப்பிப் பெருமாளுக்கு அபிஷேகம் நடந்தது. தசரதன் வெயிலிலேயே காத்திருந்தான். வெறுங்கையோடு திரும்பி வந்தார் அவர்.

"சங்கு, மொதலாளி?"

"சாமி மேல தீர்த்தம் ஊத்தின சங்குடா. அதை மறுபடியும் பொணத்துக்கிட்ட எடுத்துகினு போவியா? பாவம்டா! இனிமே அது பெருமாளுது."

"பால்ல கழுவினா அதோட தீட்டு போயிடுதா?"

"பின்ன?"

"என்னை எதுல மொதலாளி கழுவணும்?"

பன்னீர்செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு தொன்னை புளியோதரையை நீட்டினார். தசரதன் வாங்கவில்லை.

அன்று முதல் அந்தச் சங்கு சந்தனப் பொட்டோடு சன்னதியில் அரிசித் தட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை ஊத ஆளில்லை. சாயந்திரப் பூஜைக்குப் பென்டிரைவில் பதிந்த சங்கொலி ஒலிபெருக்கியில் அலறுகிறது.

சில நாள் கழித்து, பன்னீர்செல்வத்தின் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கூப்பிட ஆள் வந்தது. தசரதன் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சங்கு பெருமாள்கிட்ட இருக்குது" என்றான். "அவரையே வந்து ஊதச் சொல்லுங்க."