மூன்றாவது இன்ஜெக்டரும் பக்கத்து சீட்டும்

உங்கள் மாமா அந்தக் காரில் பிளவக்கல் அணைக்குப் போய்வந்த கதையை நீங்கள் இரண்டு பேரும் அவன் வாயாலேயே எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் காரின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. போன தீபாவளிக்குச் சொன்னபோது வழியில் ஒரு மயில் வேறு குறுக்கே வந்தது. முதல் தடவை சொன்னபோது மயில் இல்லை. எனக்கு அவனைப்போலப் பேச வராது. அதனால் என் பங்கை எழுதித் தருகிறேன்.

கார் நம் ராஜபாளையத்து மில் முதலாளியுடையது. பழைய ஸ்போர்ட்ஸ் கார், மடக்கி வைக்கிற துணிக் கூரை, இரண்டே சீட். உட்கார்ந்தால் எதிரே வருகிற பஸ்ஸின் டயர் நம் தோளுக்கு நேராக வரும், அவ்வளவு தாழ்வு. அதை வாங்கிய நாளிலிருந்து நான்தான் பார்க்கிறேன். முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காரில் எந்த வேலை பார்த்தாலும், முடிந்ததும் வேலை பார்த்தவனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு ஓட்டம் போய்வருவார். பிரேக் மாற்றினாலும் சரி, பெல்ட் மாற்றினாலும் சரி. சட்டையில் கிரீஸ் இருக்குமே என்று நான் என் துண்டை விரித்து அதன்மேல் உட்காருவேன். மாமா உட்காரும்வரை அந்த சீட்டில் வேறு மெக்கானிக் யாரும் உட்கார்ந்ததில்லை.

அன்று கார் விக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்து நின்றது. ஸ்டார்ட்டில் வைத்துவிட்டு, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களின் வயர் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். நல்ல இன்ஜெக்டரின் கப்ளரைப் பிடுங்கினால் எஞ்சின் தடுமாறும். மூன்றாவதைப் பிடுங்கினேன், சத்தம் மாறவே இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாததைப் பிடுங்கினால் என்ன மாறும்? முதலாளியிடம் மூன்றாவதுதான் என்றேன். தலையாட்டினார். ஆட்டிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மச்சினன், அதாவது உங்கள் மாமா, இன்ஜெக்டர் கழுவ மிஷின் போட்டிருக்கிறானாமே, நாலையும் கழற்றி அங்கே கொண்டுபோய்க் காட்டேன் என்றார்.

மிஷின் அவனிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று அப்போது உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

கழற்றுவது எப்படி என்று எழுதுகிறேன். மாமா கதையில் இது வராது. பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும், அப்படியே திறந்தால் முகத்தில் அடிக்கும். அதனால் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் தானாக மூச்சடங்குகிறவரை ஓடவிட வேண்டும். பிறகு பேட்டரி வயர். பிறகு இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள மண்ணை ஏர் பைப் பிடித்து ஊத வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போது துளைக்குள் விழும். கப்ளர்கள் பழசு, பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. அதன் கம்பிக் கிளிப்பை ஊசியால் நெம்பி, பறந்துவிடாமல் விரலால் பொத்தி எடுத்தேன். கடைசியில் நாலு இன்ஜெக்டரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ரெயில் என்கிற குழாயின் போல்ட்டுகள். இரண்டு கையாலும் ரெயிலைப் பிடித்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்து அசைத்துத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் எங்கேயாவது முறியும். அன்று ஒன்றும் முறியவில்லை. துளைகளைத் துவைத்த துணியால் அடைத்தேன். எது எந்த இடத்தது என்று மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் மில் நூல் கட்டினேன். முதலாவதுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படி.

இந்த வேலையை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் ஒன்றும் இல்லை. குனிந்த முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நீங்களும் வந்தீர்கள். முதலாளியும் வேறு காரில் வந்து சேர்ந்தார். மாமா கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தரையில் டைல்ஸ், சுவரில் அவன் படித்துவந்த சர்டிபிகேட். என் நூலைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன அத்தான், குழந்தை வரம் கேட்டு மரத்துல கட்டுனாப்புல கட்டியிருக்கிய?"

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முதலாளியும் சிரித்தார்.

நாலையும் மிஷினில் மாட்டி, விளக்கைப் போட்டு, சுவிட்சைத் தட்டினான். நாலு கண்ணாடிக் குழாய்க்குள் இன்ஜெக்டர்கள் பீய்ச்சின. மூன்று பன்னீர் தெளிக்கிற மாதிரி புகையாய் விரிந்தன. மூன்றாவது மட்டும் ஒரே கோடாய் ஒழுகியது.

"பாருங்கய்யா, இவன் ஒருத்தன் மட்டும் ஒண்ணுக்குப் போறான்" என்றான் மாமா.

சின்னவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். முதலாளி, "அட, மூணாவதுதானா" என்று வியந்தார். நான் காதால் கேட்டுச் சொன்னபோது தலையாட்டியவர், அவன் விளக்குப் போட்டுக் காட்டியதும் அட என்றார். என் வேலை எல்லாம் எஞ்சினுக்கு அடியில் இருட்டில் நடக்கிறது, அவன் வேலை கண்ணாடிக்குள் நடக்கிறது. கண்ணாடிக்குள் நடந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

அதிர்கிற தொட்டியில் போட்டுக் கழுவி, உள்ளே உள்ள சின்ன ஃபில்டர்களையும் ரப்பர் ரிங்குகளையும் புதிதாகப் போட்டு, மறுபடி மாட்டிக் காட்டினான். நாலும் ஒரே மாதிரி விரிந்தன. பெரியவள் கைதட்டினாள். நான் வீட்டில் மிக்ஸியைச் சரிசெய்தபோது யாரும் கைதட்டியதாக நினைவில்லை.

கிளம்பும்போது முதலாளி அவன் தோளைத் தட்டி, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்துக்கு வாங்க. பிளவக்கல் வரைக்கும் ஒரு ஓட்டம் போய்ட்டு வருவோம்" என்றார். என் பக்கம் அவர் திரும்பவில்லை. வீடு வருகிறவரை நீங்கள் மாமா வாங்கித் தந்த பால்கோவாவைத் தின்றுகொண்டு வந்தீர்கள். எனக்கும் கொடுத்தீர்கள். பல்வலி, வேண்டாம் என்றேன். ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். பல்வலி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ரிங்குகளில் எஞ்சின் ஆயிலைத் தொட்டுத் தடவி, இன்ஜெக்டர்களை இறக்கி, ரெயிலை மாட்டினேன். எப்போதும் உடனே ஸ்டார்ட் செய்ய மாட்டேன். சாவியை மட்டும் திருப்பி, பம்ப் ஓடி அழுத்தம் ஏறியதும், எங்காவது ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பேன். மூன்றாவதன் தலையில் பெட்ரோல் கசிந்தது. சூடான எஞ்சின்மேல் அது சொட்டினால் தீப்பிடிக்கும்.

மறுபடி கழற்றினேன். கசிந்த இன்ஜெக்டரின் மேல் ரிங் மற்றதைவிட மெல்லிசு. வேறு அளவு ரிங் ஒன்று கலந்துவிட்டிருக்கிறது. நான் போட்டது இல்லை, அவன் போட்டது.

மக்களே, அந்த ரிங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீட் எனக்கு. எப்படிச் சொன்னால் புறம் சொன்ன மாதிரி இருக்காது என்று வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் என் கையை எட்டிப் பார்த்துவிட்டான்.

"ஐயா, இது என் தப்பு. ரிங்க மாத்திப் போட்டுட்டேன். அத்தான் பாக்கலைன்னா வண்டியே எரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து சரியான ரிங்கை எடுத்துக் கொடுத்தான். முதலாளி எழுந்தே வந்துவிட்டார்.

"செஞ்ச தப்ப வாய்விட்டுச் சொல்ற ஆளு இந்தக் காலத்துல எங்கப்பா இருக்கான்?"

கண்டுபிடித்தவன் நான். தப்புச் செய்தவன் பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறான். அதே விஷயத்தை நான் சொல்லியிருந்தால் கோள், அவன் சொன்னதால் குணம். நான் ரிங்கை மாட்டினேன். இந்தத் தடவை ஈரம் இல்லை. ஸ்டார்ட் செய்தேன். விக்கல் போய்விட்டது, தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது.

மாமா ஏறினான். துண்டு விரிக்கவில்லை. முதலாளியும் பரவாயில்லை, உட்காருங்கள் என்றார். நீங்கள் இருவரும் கார் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினீர்கள். நான் ஸ்பேனர்களைத் துடைத்தேன், ஏற்கெனவே துடைத்து வைத்தவற்றையும்.

மதியம் திரும்பி வந்தார்கள். இறங்கியதுமே மாமா கதையை ஆரம்பித்துவிட்டான். சொல்லிக்கொண்டே உங்களைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இதுவரை உங்களுக்குத் தெரியும். இதற்குப் பிறகு நடந்தது தெரியாது.

முதலாளி காரை விட்டு இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை.

"உன் மச்சினன் நல்ல பிள்ளைதான். ஆனா வத்திராயிருப்பு தாண்டியும் வாய் ஓயலப்பா. வண்டி என்ன சொல்லுதுன்னு எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ ஏறு."

துண்டை விரித்தேன். சீட் அவன் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பினோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஏற்றத்தில் கியரை மாற்றாமல் மிதித்துப் பார்த்தார், தடங்கல் இல்லாமல் ஏறியது. கோபுரம் தெரிகிற இடத்தில் மட்டும், "எப்படி?" என்றார். மச்சினன் கழுவியது சுத்தமான வேலை என்று நாக்கு நுனி வரை வந்தது.

"நல்லாருக்குய்யா" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் திரும்பி வந்தபோது காரை முதலாளி வீட்டு ஷெட்டில் விட்டு மூடியாகிவிட்டது. மாமா அணைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மூச்சு வாங்கிய இடத்தில், நானும் போனேன் என்றேன். சின்னவன் என் கிரீஸ் சட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"சும்மா சொல்லாதப்பா."

சும்மா சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் முதலாளியிடமே போய்க் கேளுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.