மல்லிகாவுக்கு மூச்சு வந்த கதை

சின்னமனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் செல்போன் பழுது பார்ப்பது என் தொழில். கம்ப்யூட்டரைப் பாட வைப்பது பொழுதுபோக்கு. வரிகளையும் மெட்டையும் கொடுத்தால் போதும், புது சாஃப்ட்வேர் பெண் குரலில் பாடிவிடும். அந்தக் குரலுக்கு மல்லிகா என்று பெயர் வைத்தேன். இனிப் பாடகர்களே தேவையில்லை என்று கம்ப்யூட்டரில் பாட்டுக் கட்டும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அளந்துகொண்டிருந்தேன்.

முளைப்பாரித் திருவிழாவில் கும்மிப்பாட்டு எடுத்துக்கொடுக்கும் என் மதினிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்பீக்கரோடு மல்லிகாவைக் கொண்டுபோனேன்.

அவள் ஒரு வரி பாட, பெண்கள் அதைத் திருப்பிப் பாடிக் கும்மி கொட்ட வேண்டும். நானோ வரிகளுக்கு நடுவே இடைவெளி விட மறந்திருந்தேன். மல்லிகா ஓடினாள், பெண்கள் துரத்தினார்கள்.

மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டின தொண்டையோடே கத்தினார். “ஏன் கொழுந்தனாரே, அவ மூச்சே விடமாட்டாளா?”

“அவளுக்கு மூச்சே கெடையாது மதினி. அதான் விசேஷமே!”

“எங்களுக்கு இருக்குல்ல! இங்கன பாருங்க, பாதிப் பேரு உக்காந்துட்டாக!”

ஸ்பீக்கரை அணைத்தேன். மதினி கரகரத்த குரலிலேயே பாடினார். ஒரு வரி முடித்து அவர் மூச்சு இழுக்கும்போதுதான் மற்றவர்களின் குரல் சேர்ந்து எழுந்தது. பாட்டே அந்த மூச்சில்தான் நின்றது. சத்தமில்லாமல் செல்போனை நீட்டி அதைப் பதிவு செய்துகொண்டேன்.

மதினியின் மூச்சை வெட்டி ஒட்டியதில், இப்போது மல்லிகா வரிக்கு வரி மூச்சு வாங்குகிறாள். குழுவில் ஏகப்பட்ட பாராட்டு. மதினிக்கும் போட்டுக் காட்டினேன்.

“நல்லாத்தான் பாடுறா. ஆனா பாவம், ஆஸ்துமா இருக்கும்போல. டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க.”

சரி மதினி என்றேன்.