தவளைவாயன் இருந்த மரம்

சேலத்து மலையில், நாகலூர் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு மரம் ஏறுகிற வேலை. காப்பிச் செடிக்கு மேலே நிழல் மரங்கள் நிற்கும். பெருமழைக்கு முன்னால் அதன் கிளைகளைக் கழிக்க வேண்டும். இருபது வருசமாக அதைத்தான் செய்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி.

மரத்தில் ஏறினால் குருவிகள் கிட்டத்தில் தெரியும். கீழே நிற்கிறவனுக்கு இலைதான் தெரியும். அதனால்தான் சேலத்து டாக்டர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருவார். நான் கை காட்டுவேன். மூன்று வருசத்துக்கு முன்னால் அவர் நடத்துகிற வாட்ஸ்அப் குரூப்பில் என்னையும் சேர்த்தார். பறவை பார்க்கிறவர்கள் சேதி சொல்லிக்கொள்கிற குரூப். எல்லாரும் படித்தவர்கள். என்னையும் அண்ணா என்பார்கள். எஸ்டேட்டில் எனக்கு "ஏய்" தான் பேர்.

குரூப்புக்கு முறை உண்டு. பறவையின் பேரும் மலையின் பேரும் மட்டும் போடலாம். எந்த இடம் என்று எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. தனியாகக் கேட்டால், வேண்டியவர்களுக்குத் தனியாகச் சொல்வார்கள். கூட்டின் படத்தைப் போடவே கூடாது. படம் இல்லாமல் சொன்னால் பார்த்ததாக ஆகாது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

எழுத வராது. பேசி அனுப்புவேன். இரண்டு தடவை புதுசாகப் பார்த்ததைச் சொன்னேன். படம் இல்லை. சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்தன. "அண்ணன் கள்ளு மரத்துல ஏறிட்டாரு போல" என்று பேங்க்கில் வேலை செய்கிற ஒருவர் போட்டார். அதற்கும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்பு மூஞ்சி போட்டேன்.

ஒரு தடவையாவது என் சொல்லை அவர்கள் நம்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

போன சித்திரையில், ஒரு சின்ன மரத்தில் இரண்டாள் உயரத்தில் கிளையை வெட்ட அரிவாளை ஓங்கினேன். கவட்டையில் காய்ந்த இலை ஒன்று கிடந்தது. அதற்குக் கண் இருந்தது. அரிவாளை நிறுத்தினேன். சாம்பல் நிறத்தில் ஒரு பறவை. உடம்பு இலைச் சருகு போல. வாய் தவளை வாய் போல அகலம். பறக்கவில்லை. மூக்கை மேலே தூக்கி, முறிந்த குச்சி மாதிரி அசையாமல் இருந்தது. வயிற்றுக்கடியில் ஒரே ஒரு குஞ்சு. பஞ்சுத் துண்டு அளவு. அந்தக் கிளையை விட்டுவிட்டு இறங்கினேன்.

மத்தியானமே குரூப்பில் பேசி அனுப்பினேன். குஞ்சைச் சொல்லவில்லை. டாக்டர் பதில் பேசினார். "ஏனுங்க, கனவு கினவு கண்டீங்களா? நீங்க சொல்றது தவளைவாயன். அது கேரளாப் பக்கத்துப் பறவைங்க. நம்ம மலைக்கு எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது."

பேங்க்காரர் சொன்னார்: "அண்ணனுக்குக் காஞ்ச இலைகூட றெக்கை மொளச்சுத் தெரியுது."

பெண்டாட்டி பக்கத்தில் இருந்து கேட்டாள். அவளும் அதே எஸ்டேட்டில்தான் வேலை. "அவங்க நம்பாட்டி உங்களுக்குச் சோறு எறங்காதா? குஞ்சோட கெடக்குது. உட்டுப்போடுங்" என்றாள்.

நான் விடவில்லை. மறுநாள் பக்கத்து மரத்தில் ஏறிப் போனில் படம் எடுத்தேன். குஞ்சு தெரியவில்லை. அதனால் கூட்டின் படத்தைப் போட்டதாக ஆகாது என்று நினைத்தேன். பறவை மட்டும் நன்றாக விழுந்திருந்தது. போட்டுவிட்டேன்.

பறவைக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரமும் படத்தில் விழுந்திருந்தது. எஸ்டேட்டில் ஒவ்வொரு சில்வர் ஓக்குக்கும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் உண்டு. நம்பரைச் சொன்னால், எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் நோட்டைப் பார்த்து, எந்த வளைவில் எத்தனையாவது வரிசை என்று சொல்லிவிடுவார். படத்தில் அந்த நம்பர் சுத்தமாகத் தெரிந்தது. தினமும் பார்க்கிற நம்பர். என் கண்ணுக்கு அது படவே இல்லை.

குரூப்பே அடங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. இடம் எது என்று ஒருவர்கூடத் தனியாகக் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு கார் வந்தது. ரைட்டரிடம் நம்பரைச் சொல்லி நேராக அங்கேயே போயிருந்தார்கள். சேதி கேட்டு நான் ஓடினேன். டாக்டர் என் தோளில் கை போட்டார். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. நொம்ப பெரிய விசயம்ங்க இது" என்றார். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

பிறகு, "முன்னால இந்தக் கொப்பு மறைக்குது. எடுத்துருங்களேன்" என்றார்.

"வெயில் உழுகுங்க. குஞ்சு இருக்குது."

"ரெண்டே நிமிசம். எடுத்துட்டுக் கெளம்பிடறோம்."

"அண்ணாவுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் பேங்க்காரர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெட்டினேன். சத்தம் வராமல்தான் வெட்டினேன். வெயில் நேராகக் கூட்டில் விழுந்தது.

பறவை அப்போதும் பறக்கவில்லை. கண்ணை மூடியே இருந்தது. கண் திறந்த படம் வேண்டும் என்று ஒருவர் போனில் அதன் கூப்பாட்டைப் போட்டார். இரண்டாவது தடவை போட்டதும் கண்ணைத் திறந்தது. மூன்றாவதுக்குப் பறந்துவிட்டது.

கவட்டையில் குஞ்சு மட்டும் இருந்தது.

நாங்கள் தள்ளிப் போயிருந்தால் அது திரும்பியிருக்கும். யாரும் தள்ளிப் போகவில்லை. திரும்பி வந்து உட்காருவதை எடுக்க வேண்டுமாம். "கொஞ்சம் எட்டப் போலாங்களா?" என்று கேட்டேன்.

"சத்தம் போடாதீங்கண்ணா. பறவை பயந்துக்கும்" என்றார் ஒருவர்.

இரண்டு மணி நேரம் அப்படியே. குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது. அப்புறம் திறந்தபடியே வைத்துக்கொண்டது. வால்காக்கை ஒன்று வந்தது. முதலில் அடுத்த மரத்தில் உட்கார்ந்து பார்த்தது. நான் மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்தேன். பேங்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "இது இயற்கைங்கண்ணா. நாம தலையிடக் கூடாது."

வால்காக்கை குஞ்சைத் தூக்கியது. கேமராக்கள் விடாமல் அடித்தன. தூக்கிக்கொண்டு போனதையும் ஒருவர் எடுத்தார். எடுத்ததை எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். நல்லா வந்திருக்கு என்றார்கள்.

பிறகு அங்கேயே எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் தான் எடுத்த படத்தைக் குரூப்பில் போட்டார். அடியில் அவர் பேர். வாழ்த்து கொட்டியது. இங்கிலீசில் என்னென்னவோ எழுதினார்கள். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்த யாரோ வெளியூர்க்காரர், பறவைக்கு அடியில் குஞ்சு தெரிகிறதே, கூட்டைப் படம் எடுக்கலாமா என்று சண்டைக்கு வந்துவிட்டார். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

டாக்டர் அதற்குப் பதில் எழுதினார். அதை மட்டும் தமிழில் எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். எஸ்டேட் அண்ணன் மர நம்பர் தெரியும்படி படம் போட்டதால் கூட்டம் கூடிவிட்டது, அதனால் ஒரு குஞ்சை இழந்தோம், வருத்தமாக இருக்கிறது, குரூப்பின் விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தார். கூட்டம் என்றது அவர்களைத்தான். நம்பர் தெரிந்தது பொய்யில்லை. நான் அதற்கு ஏதாவது பேசலாம் என்று போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பேச முடியவில்லை. என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

பெண்டாட்டியிடம் எல்லாம் சொன்னேன். கொப்பை வெட்டியதையும் சொன்னேன்.

"அவங்க சொன்னா என்ற கழுத்தையும் வெட்டுவீங்களாட்ட இருக்குது" என்றாள்.

பத்து நாள் கழித்து டாக்டர் போன் செய்தார். "மனசுல வெச்சுக்காதீங்க. குரூப்புன்னா நாலு பேருக்கு நாலு பதில் சொல்லோணும். நீங்க என்ற ஆளுங்க. வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"இருந்தா சொல்லுங்க. இன்னைக்கே திரும்பச் சேத்துடறேன்."

எஸ்டேட்டின் மேல்கோடியில் ஒரு பலா மரம். அதன் பொந்தில் பெரிய ஆந்தை ஒன்று அடைந்திருந்தது. முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

"ஒரு ஆந்தை இருக்குதுங்க" என்றேன். "படம் இல்லீங்க. எடுத்து அனுப்பட்டுங்களா?"

"படமெல்லாம் எதுக்குங்க? உங்க வார்த்தை போதும்" என்றார். "குஞ்சு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ரெண்டு."

"ஞாயித்துக்கெழம வந்தர்றோம்" என்றார்.

சரிங்க என்றேன்.